நாட்டுக்கு ஒரு பயோடெக் துறை வேண்டுமா? கட்டடத்தைக் கடைசியில் கட்டுங்கள்

ஓர் அரசு "இனி நாங்களும் உயிரித் தொழில்நுட்பத்தில் இறங்கப் போகிறோம்" என்று அறிவித்ததும் முதலில் நடப்பது என்ன தெரியுமா? நிலம் ஒதுக்குவார்கள். கண்ணாடிக் கட்டடம், வாசலில் டி.என்.ஏ. சுருள் மாதிரி ஒரு சிற்பம், 'பயோ' என்று ஆரம்பிக்கும் ஒரு பெயர், திறப்பு விழா. மலேசியா 2003இல் பயோவேலி என்று ஒரு பெரிய வளாகத்தை அறிவித்தது. எதிர்பார்த்த கம்பெனிகள் வரவில்லை. 2005இல் கொள்கையையே புதிதாக எழுதி, ஒரே இடத்தில் எல்லோரையும் குவிக்கும் யோசனையைக் கைவிட்டு, நாட்டில் எங்கே இருந்தாலும் தகுதியுள்ள கம்பெனிக்குச் சலுகை என்று மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தத் துறையில் ஒரு யோசனை மருந்தாக வெளியே வர பத்துப் பதினைந்து வருடம் ஆகும். மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை பிழைக்கிறது. நடுவில் இரண்டு மூன்று ஆட்சிகள் மாறிவிடும். அதனால் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் இங்கே பாதி வெற்றி. என் கணக்கில் வரிசை இது: வாங்கப் போகிறவர் முதலில், அனுமதி கொடுக்கும் அமைப்பு இரண்டாவது, ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் மூன்றாவது. ஆராய்ச்சிப் பணம் இவை மூன்றோடும் கூடவே ஓட வேண்டும். கட்டடம் கடைசி. கொள்கை எழுதும் இடத்தில் இருப்பவருக்கும், அந்த இடத்துக்கு ஆலோசனை சொல்பவருக்கும், "எங்கள் ஆய்வகத்தில் இவ்வளவு நடக்கிறது, ஏன் ஒரு பொருள்கூட வெளியே வரவில்லை" என்று தலையைச் சொறியும் விஞ்ஞானிக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

யார் வாங்கப் போகிறார்கள்?

கியூபாவைப் பாருங்கள். பணக்கார நாடு இல்லை, மேலே வர்த்தகத் தடை வேறு. 1981இல் அதன் விஞ்ஞானிகள் சிலர் பின்லாந்துக்குப் போய் காரி கான்டெல் என்பவரிடம் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டு வந்து, ஹவானாவில் ஒரு சாதாரண வீட்டில் வேலையைத் தொடங்கினார்கள். பெரிய மரபணுப் பொறியியல் மையம் திறந்தது 1986இல்தான். அந்தக் காலத்தில் அங்கே பி வகை மூளையுறைக் காய்ச்சல் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. வெளியே வாங்கலாம் என்றால் அதற்கு உலகில் எங்கேயும் நல்ல தடுப்பூசி கிடையாது. ஆகவே தாங்களே செய்தார்கள், 1980களின் கடைசியில் போடவும் ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சி செய்ததும் அரசு, தயாரித்ததும் அரசு, வாங்கியதும் அரசு. அந்த அரசியல் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே வாங்குபவர் யார் என்று தெரிந்திருந்தது பாருங்கள், அதை எந்த நாடும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவின் ரோட்டாவைரஸ் தடுப்பூசி வேறு பாதை. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் ஒரு வைரஸ் வகை கிடைத்தது. அது அந்தக் குழந்தைகளுக்கு நோயைத் தராமல் பாதுகாப்பை மட்டும் தந்ததை எம்.கே. பான் குழு கவனித்தது. அதிலிருந்து வந்த தடுப்பூசி தேசியத் திட்டத்தில் நுழைந்தது 2016இல். ஏறத்தாழ முப்பது வருடம். இவ்வளவு காலம் அது சாகாமல் இருந்ததற்குக் காரணம், உயிரித் தொழில்நுட்பத் துறை, வெளிநாட்டுக் கூட்டாளிகள், பாரத் பயோடெக் என்று கை மாறிக்கொண்டே இருந்தாலும், வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறக்கிற நாட்டில் இதை வாங்க ஆள் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராததுதான்.

எதிர் உதாரணமும் வேண்டும். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினை ஈஸ்ட் மூலம் தயாரிக்கும் வழியை ஜே கீஸ்லிங் குழுவும் அமிரிஸ் கம்பெனியும் உருவாக்கினார்கள், பிரெஞ்சு மருந்துக் கம்பெனியான சனோஃபி 2013இல் ஆலை அளவில் தயாரிக்கவும் செய்தது. அறிவியலாகப் பார்த்தால் அபாரம். ஆனால் அதற்குள் செடியிலிருந்து எடுக்கும் ஆர்ட்டெமிசினின் விலை சரிந்துவிட, சனோஃபி அந்த ஆலையையே விற்றுவிட்டது. பொருள் வெளியே வரும் நாளில் போட்டியாளர் என்ன விலைக்கு விற்பார் என்று யோசிக்காத திட்டம் எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான். சுகாதாரம், விவசாயம், தொழில், சுற்றுச்சூழல் அமைச்சகங்களைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொன்றும் வருடா வருடம் வெளியிலிருந்து வாங்கும் உயிரியல் பொருள்களின் பட்டியலை வாங்குங்கள். தடுப்பூசி, இன்சுலின், நோய்கண்டறியும் கிட், கால்நடைத் தடுப்பூசி, ஆலைகளுக்கான என்ஸைம் (நொதி), உயிர் உரம், விதை. இதில் மூன்று அல்லது நான்கைத் தேர்ந்தெடுங்கள், பதினைந்து வேண்டாம். எல்லாத் துறையிலும் முன்னணிக்கு வருவோம் என்று எழுதியிருக்கும் கொள்கை ஆவணத்தை யாரும் இரண்டாவது முறை திறந்து பார்ப்பதில்லை. தேர்ந்தெடுக்கும்போது நாட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டென்மார்க் 1920களிலேயே இன்சுலின் தயாரிக்கத் தொடங்கிய நாடு, அந்தப் பழக்கத்தின் மேல்தான் அதன் என்ஸைம் தொழிலும் வளர்ந்தது. கால்நடை அதிகமுள்ள நாடு கால்நடைத் தடுப்பூசியில் தொடங்கலாம். மனிதத் தடுப்பூசியைவிட அனுமதி எளிது, காலமும் குறைவு, அதே வகைக் கருவிகளில் ஆட்களும் பழகிக்கொள்வார்கள். இதைக் கௌரவக் குறைவு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், அது எனக்குப் புரியவே இல்லை.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் முறை

எவ்வளவு பணம் என்பதைவிட அந்தப் பணம் அடுத்த வருடமும் வருமா என்பது முக்கியம். பிரேசிலின் சாவ் பாலோ மாநிலத்தில் வரி வருவாயில் 1 சதவீதம் ஆராய்ச்சி அமைப்பான ஃபபெஸ்புக்கு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். யார் ஆட்சிக்கு வந்தாலும் பணம் வரும். அந்தத் தைரியத்தில்தான் 1990களின் கடைசியில் ஒரு காரியம் செய்தார்கள்: ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த சைலெல்லா என்ற பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். ஒரு பெரிய நிறுவனம் கட்டவில்லை. மாநிலத்தில் அங்கங்கே இருந்த 30க்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள், முதல் முறையாக சீக்வென்ஸிங் (மரபணு வரிசையைப் படிக்கும் வேலை) செய்யும் ஆய்வகங்களும் அதில் இருந்தன. 2000இல் முடிவு வெளியானது. செடிகளைத் தாக்கும் நோய்க்கிருமி ஒன்றின் முழு மரபணுத் தொகுதி வெளியானது உலகில் அதுதான் முதல் முறை. அதிலிருந்து அலெலிக்ஸ் என்று ஒரு கம்பெனியும் பிறந்தது (சைலெல்லாவைத் திருப்பிப் போட்ட பெயர்). கட்டடமே இல்லாமல் ஒரு தலைமுறைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள்.

பணத்தைப் பிரிக்கும்போது ஒரு பகுதியை நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று நான்கு பொருள்களுக்கென்று ஒதுக்குங்கள், ஒரு பகுதியை எந்தக் கேள்வியும் கேட்காமல் நல்ல விஞ்ஞானிகளுக்கு விட்டுவிடுங்கள். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழி திறந்த கட்டலின் காரிகோ, ட்ரூ வைஸ்மன் இருவரின் கட்டுரை 2005இல் வந்தபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2023இல் அதற்குத்தான் நோபல் பரிசு. எந்தக் குழு உட்கார்ந்து திட்டமிட்டிருந்தாலும் அதை முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருக்காது.

இப்போது ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பல நாடுகள் தோற்கின்றன. ஆய்வகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு என்ஸைம் வருகிறது. மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள், தெர்மோகோல் பெட்டியில் உலர் பனிக்கட்டியோடு வரும். விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்கு அது என்ன என்று தெரியாது, எந்தத் தலைப்பில் வரி போடுவது என்றும் தெரியாது, வேறொரு துறையிடம் தடையில்லாச் சான்று கேட்கிறார். வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமைக்குள் பனிக்கட்டி முழுக்க ஆவியாகிவிடும். பெட்டி ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும், குப்பியில் திரவம் தெளிவாக இருக்கும். ஆராய்ச்சி மாணவி அதை வைத்துச் சோதனை செய்வாள், வேலை செய்யாது, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்வாள், வாரக்கணக்கில். இதே சோதனையைப் போட்டி நாட்டில் ஒருத்தி காலையில் ஆர்டர் கொடுத்து மறுநாள் என்ஸைமைக் கையில் வாங்கிச் செய்துகொண்டிருப்பாள்.

இதைச் சரிசெய்ய கோடிகள் தேவையில்லை. பதிவு செய்த ஆய்வகங்களின் பட்டியல், அடிக்கடி வரும் பொருள்களுக்கு முன்கூட்டியே அனுமதி, விமான நிலையத்தில் ஒரு குளிர் அறை, அங்கே உயிரியல் தெரிந்த ஓர் ஆள். அப்புறம், எல்லாவற்றையும் இறக்குமதி செய்யவும் வேண்டியதில்லை. மரபணுத் துண்டுகளை நகலெடுக்கும் பி.சி.ஆர். முறைக்குப் பயன்படும் டாக் பாலிமரேஸ் என்ற என்ஸைமின் அடிப்படைக் காப்புரிமைகள் எப்போதோ முடிந்துவிட்டன, ஈ. கோலை பாக்டீரியாவில் எந்த நல்ல ஆய்வகமும் அதைத் தயாரித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பொது என்ஸைம்களைத் தயாரித்து எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பும் ஒரு சின்ன மையத்தை வையுங்கள். கோவிட் காலத்தில் சோதனை கிட் கிடைக்காமல் தவித்த நாடுகளுக்கு இதன் அருமை தெரியும்.

அனுமதி கொடுப்பவர்தான் துறையைக் கட்டுபவர்

ஒழுங்குமுறை என்றாலே தொழிலுக்குக் குறுக்கே நிற்பது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. தளர்த்தினால் கம்பெனிகள் வரும் என்பார்கள். நடந்தது வேறு. 1976இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், மரபணுக்களை வெட்டி ஒட்டும் சோதனைகள் ஆபத்து என்று மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி எதிர்ப்புக் கிளப்ப, நகர மன்றம் அவற்றைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. நகரவாசிகளைக் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்து எல்லாத் தரப்பையும் கேட்டது, 1977இல் நகரம் தெளிவான ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. தடைபோட்ட ஊரை விட்டுக் கம்பெனிகள் ஓடிப்போயிருக்க வேண்டும், இல்லையா? ஓடவில்லை. பயோஜென் என்ற பயோடெக் கம்பெனி அங்கேயே வந்தது, பின்னால் உலகின் மிக நெருக்கமான பயோடெக் பகுதியாக அந்த ஊர் ஆனது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுத்தில் இருந்ததால் பணம் போடுபவருக்குப் பயம் இல்லை. முதலீட்டாளர் கடுமையான விதியோடு வாழ்ந்துவிடுவார். நாளைக்கு என்ன விதி வரும் என்று தெரியாத ஊரில் வாழ மாட்டார்.

சீனாவிலும் திருப்பம் அங்கேதான் வந்தது. உயிரித் தொழில்நுட்பத்துக்கு அரசுப் பணம் 1986இல் தொடங்கிய 863 திட்டத்திலிருந்தே கொட்டியது. ஆனால் மருந்து அனுமதிக்கான விண்ணப்பங்கள் 20,000க்கு மேல் தேங்கிக் கிடந்தன. 2015இல் மருந்து அனுமதி முறையை அடியோடு மாற்றி, மதிப்பீட்டாளர்களின் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டினார்கள், 2017இல் மருந்துத் தரங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.சில் சேர்ந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கண்டுபிடித்த மருந்துகளை மேல்நாட்டுக் கம்பெனிகள் வரிசையில் நின்று வாங்க ஆரம்பித்தன.

உங்கள் நாட்டில் என்ன செய்யலாம்? முதலில் ஆட்கள். உயிரியல் மருந்தின் ஆவணத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் மதிப்பீட்டாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விரல் விட்டு எண்ணுமளவு என்றால் உங்கள் துறை அந்த விரல்களின் வேகத்தில்தான் நகரும். இவர்களுக்கு வழக்கமான அரசுச் சம்பளம் கொடுத்தால் பயிற்சி முடிந்ததும் கம்பெனிக்குப் போய்விடுவார்கள், எனவே விண்ணப்பக் கட்டணத்திலிருந்து தனிச் சம்பளத் திட்டம் வையுங்கள். விண்ணப்பம் போடும் முன்பே கம்பெனி வந்து பேசும் கூட்டத்துக்கு வழி செய்து, அங்கே சொன்னதை எழுத்தில் கொடுங்கள். எத்தனை நாளில் பதில் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். வேறு நல்ல அமைப்பு ஏற்கெனவே மதிப்பிட்ட மருந்தை அடியிலிருந்து மறுபடி மதிப்பிடாமல் அந்த அறிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், மிச்சமாகும் நேரத்தை உள்நாட்டில் புதிதாக வரும் பொருளுக்குக் கொடுக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் நாடுகளின் மருந்து ஒழுங்குமுறை அமைப்புகளை நான்கு முதிர்ச்சி நிலைகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் நிலை என்றால் நிலையாக, நன்றாக நடக்கும் அமைப்பு. தடுப்பூசி தயாரிக்கும் நாட்டின் அமைப்பு அந்த நிலையை எட்டவில்லை என்றால் அங்கே தயாரான தடுப்பூசிக்கு அந்த நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று கிடைக்காது, சான்று இல்லாமல் யுனிசெஃப் வாங்காது. ஆலை எவ்வளவு நவீனமாக இருந்தாலும் சரி. ஆகவே ஆலைக்கு அடிக்கல் நாட்டும் முன் இந்த மூன்றாம் நிலைக்குத் தேதி குறியுங்கள்.

விவசாயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: உங்கள் நாட்டு அனுமதி மட்டும் போதாது. அர்ஜென்டினாவில் மரபணு மாற்றுப் பயிர்களை ஆராயும் குழு 1991லிருந்தே இருக்கிறது, ஜீன் எடிட்டிங் (சொந்த மரபணுவையே திருத்தும் முறை) பயிர்களுக்குத் தெளிவான வழிமுறையை 2015லேயே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே ராக்கேல் சான் குழுவின் ஆராய்ச்சியிலிருந்து வறட்சி தாங்கும் எச்.பி.4 கோதுமை உருவாயிற்று. 2020இல் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் பெரிய வாடிக்கையாளரான பிரேசில் இறக்குமதிக்குச் சம்மதித்த பிறகே விற்கலாம் என்ற நிபந்தனையோடு. பிரேசில் தலையசைத்து, முழு அனுமதி வர 2022 ஆயிற்று. ஏற்றுமதிப் பயிரில் கை வைக்கிறீர்கள் என்றால் வாங்கும் நாட்டின் விண்ணப்பத்தையும் உங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்தே போடுங்கள்.

காப்புரிமை: கொஞ்சம் நிதானமாக

அமெரிக்காவில் 1980 ஒரு முக்கியமான வருடம். ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள பே-டோல் சட்டம் வழிவிட்டது. அதைப் பார்த்துப் பல நாடுகள் அதே மாதிரிச் சட்டம் போட்டுவிட்டுக் காத்திருக்கின்றன. சட்டம் மட்டும் என்ன செய்யும்? பல்கலைக்கழகத்தில் அந்த உரிமையை எடுத்துக்கொண்டுபோய்க் கம்பெனிகளின் கதவைத் தட்ட ஆள் வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு செய்ததைப் பாருங்கள். கோஹன், போயர் இருவரின் மரபணு ஒட்டும் முறைக்கான உரிமையை ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்காமல், கேட்ட எல்லோருக்கும் குறைந்த கட்டணத்தில் கொடுத்தார்கள். 400க்கும் மேற்பட்ட கம்பெனிகள் உரிமம் வாங்கின, 1997இல் காப்புரிமை முடிவதற்குள் வந்த பணம் 25 கோடி டாலரைத் தாண்டியது. மறுபுறம் பிரிட்டனில், 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்த மோனோக்ளோனல் ஆன்டிபாடி (ஒரே இலக்கைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமையே எடுக்கவில்லை. இன்றைக்கு அதிகம் விற்கும் மருந்துகளில் பல அந்த வழியில் வந்தவை. என் யோசனை: கருவி மாதிரியான கண்டுபிடிப்பை எல்லோருக்கும் கொடுங்கள், குறிப்பிட்ட ஒரு மருந்தை மட்டும் ஒருவருக்குக் கொடுங்கள், அதிலும் 'இத்தனை வருடத்துக்குள் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் உரிமை எங்களுக்கே திரும்பி வரும்' என்ற வரியைப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமத்தை வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பதற்கென்றே வாங்குபவர்கள் உண்டு.

காப்புரிமையை எவ்வளவு இறுக்குவது என்பது உங்கள் துறையின் வயதைப் பொறுத்தது. இந்தியா 1970 சட்டத்தில் மருந்துக்குத் தயாரிப்பு முறைக் காப்புரிமை மட்டும் கொடுத்தது, பொருளுக்குக் கொடுக்கவில்லை. மூன்று தசாப்தம் அதில் கைப்பழக்கம் பெற்ற கம்பெனிகள்தான், 2005இல் உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி பொருள் காப்புரிமை வந்தபோது தாக்குப்பிடித்தன. இன்று அந்தக் கதவு பெரும்பாலான நாடுகளுக்கு மூடிவிட்டது, மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்கு மட்டும் இன்னும் அவகாசம் இருக்கிறது. மற்றவர்களுக்குத் திறந்திருப்பது பயோசிமிலர், அதாவது காப்புரிமை முடிந்த உயிரியல் மருந்துக்கு ஒத்த மருந்து. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. உங்கள் காட்டிலிருந்தும் கடலிலிருந்தும் போகும் நுண்ணுயிர்கள் பற்றி. மேலே சொன்ன டாக் பாலிமரேஸ் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் எடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது, பூங்காவுக்கு ஒரு காசு வரவில்லை. உயிரினம் எடுக்கப்பட்ட நாட்டுக்கும் பலனில் பங்கு வேண்டும் என்று சொல்லும், 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தம் இதற்காகத்தான். ஆனால் இதைக் காரணம் காட்டி உங்கள் சொந்த விஞ்ஞானிகளே மண் மாதிரி எடுக்க ஆறு மாதம் அலையும்படி விதி எழுதிவிடாதீர்கள். பல நாடுகளில் நடப்பது அதுதான்.

இரண்டு லிட்டரிலிருந்து இரண்டாயிரம் லிட்டருக்கு

ஆய்வகத்தில் ஒரு செல் வகை நன்றாகப் புரதம் தயாரிக்கிறது. இரண்டு லிட்டர் பாத்திரத்தில் எல்லாம் அழகு. அதையே 2,000 லிட்டர் பயோரியாக்டரில், அதாவது செல் வளர்க்கும் பெரிய தொட்டியில், வளர்க்கப் போனால், செல்கள் அதே செல்கள்தான், ஆனால் அவை வாழும் உலகம் மாறிவிடுகிறது. நடுவில் இருப்பவற்றுக்கு ஆக்ஸிஜன் போதவில்லை. போதவில்லையே என்று வேகமாகக் கலக்கினால் குமிழிகள் உடையும் அதிர்ச்சியில் செல்கள் கிழிகின்றன. நுரை பொங்குகிறது, நுரையை அடக்க ஒரு ரசாயனம் ஊற்றினால் அது பின்னால் வடிகட்டிகளை அடைக்கிறது. செல்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகாமல் தேங்குகிறது, அமிலத்தன்மை மாறுகிறது. கடைசியில் புரதம் கிடைக்கிறது, ஆனால் அதன் மேல் ஒட்டியிருக்க வேண்டிய சர்க்கரைச் சங்கிலிகளின் அமைப்பு வேறாக இருக்கிறது. மருந்தாக அது இப்போது வேறு பொருள். ஒவ்வொரு ஓட்டமும் இரண்டு மூன்று வாரம், ஒரு கிருமி நுழைந்தால் முழுவதையும் கொதிக்கவைத்து ஊற்ற வேண்டியதுதான்.

இந்த வேலையைத் தெரிந்தவர் முனைவர் பட்டம் பெற்ற மரபணு நிபுணர் அல்ல, ரசாயனப் பொறியாளரும் பல வருடம் ஆலையில் நின்ற டெக்னீஷியனும்தான். பயோடெக் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து வேலை இல்லாமல் அலையும் நாடுகளிலேயே ஆலைகள் "ஆள் கிடைக்கவில்லை" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்: பாக்டீரியாவின் வளர்சிதை மாற்றத்தைப் பரீட்சையில் படம் போட்டு விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு, கிருமி நீக்கிய குழாயை இன்னொரு குழாயோடு இணைக்கத் தெரியாது. அயர்லாந்து இதைச் சரியாகப் பிடித்தது. 2011இல் டப்ளினில் திறந்த என்.ஐ.பி.ஆர்.டி. என்ற பயிற்சி மையம் ஓர் உண்மையான ஆலை மாதிரியே இருக்கும், ஆனால் அங்கிருந்து எந்த மருந்தும் விற்பனைக்குப் போகாது. தப்புச் செய்து கற்றுக்கொள்வதற்கான ஆலை. உங்கள் பட்ஜெட்டில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை இதற்குக் கொடுங்கள்.

கொரியாவின் செல்ட்ரியான் கம்பெனி 2002இல் தொடங்கியது. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் எய்ட்ஸ் தடுப்பூசியைத் தயாரித்துக் கொடுப்பதாகத் திட்டம், அந்தத் தடுப்பூசி சோதனையில் தோற்றுப்போயிற்று. அவர்கள் ஆலையை மூடவில்லை. மற்றவர்களுக்கு ஒப்பந்தத்தில் தயாரித்துக் கொடுத்தே பெரிய தொட்டிகளை ஓட்டப் பழகினார்கள், அந்தப் பழக்கத்தோடு சொந்தப் பொருளுக்குப் போனார்கள். 2013இல் ஐரோப்பா அனுமதித்த ரெம்சிமாதான் அங்கே அனுமதி பெற்ற முதல் மோனோக்ளோனல் பயோசிமிலர். ஐரோப்பா பயோசிமிலருக்கென்று தனி வழிமுறை எழுதி, முதல் மருந்தை அனுமதித்தது 2006இல், அமெரிக்காவில் முதல் பயோசிமிலர் வந்தது 2015இல். விதி எங்கே முதலில் தெளிவானதோ அந்தச் சந்தையைக் குறிவைத்தார்கள். முதலில் அடுத்தவருக்குத் தயாரி, அப்புறம் ஒத்த மருந்து, அப்புறம் புது மருந்து. எல்லோரும் இப்படியே ஏற வேண்டும் என்பதில்லை, ஆனால் நேராகப் புது மருந்துக்குத் தாவியவர்களில் தேறியவர் குறைவு.

பணம் எங்கிருந்து, எந்தக் கட்டத்தில்

ஆராய்ச்சி மானியம் கட்டுரை வெளியானதும் நின்றுவிடும். தனியார் முதலீடு மனிதர்களிடம் முதல் சோதனை முடிந்த பிறகே எட்டிப் பார்க்கும். நடுவில் இருக்கும் மூன்று நான்கு வருடத்தில்தான் எல்லாம் சாகிறது: விலங்குச் சோதனை, நச்சுத்தன்மைச் சோதனை, முதல் தரமான தயாரிப்பு. இங்கே அரசுப் பணம் இல்லாமல் எந்த நாட்டிலும் துறை எழுந்ததில்லை, அமெரிக்கா உட்பட. 1982இல் அங்கே பெரிய ஆராய்ச்சித் துறைகள் தங்கள் பணத்தில் ஒரு பங்கைச் சிறு கம்பெனிகளுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இந்தியா இதற்கென்று 2012இல் பைராக் என்ற தனி அமைப்பை வைத்தது. எப்படி வைத்தாலும் பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், கட்டம் தாண்டாததை நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம். அரசில் ஒரு திட்டத்தைத் தொடங்கியவருக்கு மாலை கிடைக்கும், நிறுத்தியவருக்குத் தணிக்கைக் கேள்விதான் கிடைக்கும். அதனால் தோற்ற திட்டம் அதிகாரியின் தப்பாகாது என்று விதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

தனியார் பணத்தை இழுக்க இஸ்ரேலின் யோஸ்மா என்ற முதலீட்டுத் திட்டம் ஒரு நல்ல மாதிரி. 1993இல் அரசு 10 கோடி டாலர் போட்டது, பெரும்பகுதியைத் தானே கம்பெனிகளில் போடாமல் வெளிநாட்டு அனுபவமுள்ள கூட்டாளிகளோடு சேர்ந்து பத்து நிதிகளில் போட்டது. லாபம் வந்தால் அரசின் பங்கைச் சொன்ன விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று கூட்டாளிகளுக்கு உரிமையும் கொடுத்தது. நஷ்டத்தில் பங்கெடு, லாபத்தை விட்டுக்கொடு. அரசியல்வாதிக்குக் கசக்கும், ஆனால் வேலை செய்தது. பங்குச் சந்தையையும் மறக்காதீர்கள். வருமானமே இல்லாத பயோடெக் கம்பெனிகளைப் பட்டியலிட ஹாங்காங் 2018இல் விதியை மாற்றியது. வெளியேற வழி இருந்தால்தான் உள்ளே வருவார்கள்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. பிரேசிலின் அலெலிக்ஸை 2008இல் அமெரிக்க விதைக் கம்பெனியான மான்சான்டோ வாங்கியது. இந்தியாவில் 1997இல் மறுசேர்க்கை (மரபணு ஒட்டும்) முறையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை உள்நாட்டில் தயாரித்து விலையைச் சரித்த சாந்தா பயோடெக்னிக்ஸ் 2009இல் சனோஃபி கைக்குப் போயிற்று. அரசுப் பணத்தில் வளர்த்துவிட்டு வெளியே விற்பதா என்று கூச்சல் வரும். விற்பனையைத் தடுக்கும் சட்டம் போட்டால் அடுத்த முதலீட்டாளர் வர மாட்டார். அதைவிட மானியம் கொடுக்கும்போதே நிபந்தனை போடுங்கள்: கம்பெனி கை மாறினால் மானியம் பல மடங்காகத் திரும்பி வர வேண்டும், உள்நாட்டுத் தேவைக்கான தயாரிப்பு இத்தனை வருடம் இங்கேயே தொடர வேண்டும். விற்ற பணத்தோடு வெளியே வரும் நிறுவனர் அடுத்த கம்பெனியை அதே ஊரில் தொடங்குவாரா என்பதுதான் பெரிய விஷயம். அவருக்கு அனுமதி அலுவலகமும் பயிற்சி பெற்ற ஆட்களும் அங்கே இருந்தால் தொடங்குவார்.

மக்கள் சம்மதம்

ஐஸ்லாந்து 1998இல் நாட்டு மக்கள் எல்லோருடைய மருத்துவப் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து டிகோட் என்ற கம்பெனியிடம் நடத்தக் கொடுக்கச் சட்டம் போட்டது. வேண்டாம் என்பவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பி, 2003இல் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, அந்தத் தரவுத்தளம் கடைசிவரை வரவேயில்லை. பிரிட்டன் யு.கே. பயோபேங்க் என்ற மருத்துவத் தரவுத் திட்டத்தில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியே ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது. மெதுவான வழி, இன்று உலகமே அதைப் பயன்படுத்துகிறது. கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் விவகாரம் வேறு வகைப் பாடம்: தேசத்தின் நாயகனாக்கிய விஞ்ஞானியின் ஸ்டெம் செல் முடிவுகள் ஜோடனை என்று 2005 கடைசியில் தெரியவந்தது. ஒருவர் படத்தைப் போட்டு ஒரு துறையை விற்காதீர்கள். கேள்வி கேட்கும் சுயேச்சையான குழுவுக்கு அதிகாரம் கொடுத்துவையுங்கள், அது உங்களையும் சங்கடப்படுத்தும் என்று தெரிந்தே.

எதை எண்ணுவது

வருட அறிக்கையில் கட்டுரை எண்ணிக்கை, காப்புரிமை எண்ணிக்கை, ஸ்டார்ட்அப் எண்ணிக்கை வரும். மூன்றையும் யாராலும் ஊதிப் பெருக்க முடியும். நான் கேட்பவை வேறு. ஆர்டர் கொடுத்த என்ஸைம் ஆய்வகத்துக்கு வர எத்தனை நாள் ஆகிறது? மருத்துவச் சோதனைக்கான விண்ணப்பத்துக்குப் பதில் வர எத்தனை நாள்? உயிரியல் மருந்து மதிப்பீட்டாளர்கள் எத்தனை பேர், போன வருடம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள்? அரசு இறக்குமதி செய்யும் உயிரியல் பொருள்களில் உள்நாட்டுப் பொருளுக்கு மாறியது எத்தனை? நிறுத்திய திட்டங்கள் எத்தனை? கடைசிக் கேள்விக்குப் பூஜ்யம் என்று பதில் வந்தால், அங்கே யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து வருடத்தில் இந்த எண்கள் சரியான பக்கம் நகர்ந்தால் போதும், பொருள் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வளாகத்துக்கு நிலம் வேண்டும் என்று அப்போது கம்பெனிகளே வந்து கேட்கும், எத்தனை ஏக்கர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு சுத்தத் தண்ணீர் என்ற கணக்கையும் அவர்களே கொண்டுவருவார்கள்.